வரக்கூடாதவை

எனக்கு அறுபத்தொன்பது வயதாகிறது. நான் கொடுத்த ஓர் அறிக்கையால் ஒருவர் எட்டு மாதம் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அதை எழுதியது ஏஐ, நான் இல்லை என்று சொல்லித் தப்பிக்க வழியிருந்தது. கொஞ்ச காலம் எனக்கு நானே அப்படிச் சொல்லிக்கொண்டும் இருந்தேன். ஆனால் அந்த ஏஐயிடம் எதை எழுத வேண்டும், எதை எழுதக் கூடாது என்று சொன்னவன் நான்தான். நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

நான் ராயபுரத்துக்காரன். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு, ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் கடிதம் எழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். முப்பத்தாறு வருடம் அதே வேலை. கப்பல் தாமதம், சரக்குச் சேதம், காணாமல் போன பெட்டி என்று எது நடந்தாலும் அதற்கொரு கடிதம் வேண்டும். அந்த அலுவலகத்தில் ஒரு பழக்கம் இருந்தது. மேலதிகாரி கூப்பிடுவார். நாங்கள் குறிப்பேட்டோடு போய் நிற்போம். என்ன நடந்தது, யாருக்குக் கடிதம், கண்டிப்பாகவா பணிவாகவா என்று சொல்லுவார், எழுதிக்கொள்வோம். எல்லாம் முடிந்து கதவுவரை வந்த பிறகு, "அப்புறம், அந்த விஷயம் வரக்கூடாது" என்பார். அதை மட்டும் குறித்துக்கொள்ளக் கூடாது. பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் அதைக் கேட்க வேண்டும். இதை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை. சேர்ந்த முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும். ஒரு விஷயம் விடுபட்டிருப்பது படிக்கிறவருக்குத் தெரியாதபடி எழுதுகிறவனுக்குத்தான் அங்கே மதிப்பு. எனக்கு நல்ல மதிப்பு இருந்தது.

ஓய்வு பெற்று இரண்டு வருடம் வீட்டில் இருந்தேன். பிறகு, திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் சாலையில் ஒரு தனியார் கண்டெய்னர் யார்டில் கூப்பிட்டார்கள். வருட ஒப்பந்தம். கடிதங்களும் அறிக்கைகளும் எழுத வேண்டும், மற்றவர்கள் எழுதியதைத் திருத்த வேண்டும். ஜன்னலோரம் ஒரு நாற்காலி, ஏசி, பதினொரு மணிக்கு டீ. காலையில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போக ஓர் இடம். இவற்றை ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு நான் செய்த காரியத்துக்கு இவற்றைவிடப் பெரிய காரணம் எதையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மூன்றாவது வருடம் நிர்வாகம் ஒரு ஏஐ கருவியை வாங்கிக் கொடுத்தது. அலுவலகம் முழுவதற்கும் ஒரே லாகின். யார் எதைக் கேட்டாலும் அது திரையின் இடது பக்கத்தில் பட்டியலாகத் தங்கிவிடும். முதல் வாரம் சிரிப்பாகப் போனது. எங்கள் மேலாளர் சேலம் பக்கத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். அவர் "கண்டெய்னர் லேட் ஸாரி லெட்டர்" என்று நான்கு வார்த்தை அடித்தார். ஒன்றரைப் பக்கத்துக்குக் கடிதம் வந்தது. ஆவணப் பிரிவில் எனக்கு எதிர் நாற்காலியில் ஒரு பெண்மணி இருந்தார். புளியந்தோப்பிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், யாருக்கும் பயப்படாத வாய். அவர் அந்தக் கடிதத்தைச் சத்தமாகப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னா சார் இது? மூணு நாளு லேட்டானதுக்கு சாவு வூட்டுக்கு எழுதுன மாரி கீது. ஆழ்ந்த துயரமாம், தாங்க முடியாத வேதனையாம். இத்தப் படிச்சா அந்தாளு மாலை வாங்கிகினு வந்துடுவான்!"

மேலாளரும் சிரித்தார். "அப்ப நீயே கேளும்மா."

"நான் கேட்டா மட்டும் இன்னா? அதுக்கு நம்ம கதை இன்னா தெரியும்?"

அவர் விளையாட்டாகச் சொன்ன அந்தப் பதில் எனக்குப் பிடித்துக்கொண்டது. அதற்கு நம் கதை தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும். நான் உட்கார்ந்து, முன்பு மேலதிகாரி என்னிடம் சொன்ன மாதிரியே அதனிடம் சொன்னேன். நான் கண்டெய்னர் யார்டின் கடிதப் பிரிவில் இருக்கிறேன். படிக்கப்போகிறவர் பத்து வருட வாடிக்கையாளர். கோபமாக இருக்கிறார், ஆனால் நம்மை விட்டுப் போக மாட்டார். செவ்வாய்க்கிழமை மழைநீர் தேங்கி இரண்டாவது வரிசைக்கு வண்டி போக முடியவில்லை. வியாழன் மாலை பெட்டி வெளியே போய்விட்டது. ஒரு தடவை மட்டும் வருத்தம் தெரிவிக்க வேண்டும். பன்னிரண்டு வரிக்கு மேல் வேண்டாம். ஆங்கிலத்தில் வேண்டும். இப்படித் தமிழிலேயே அடித்தேன். வந்த கடிதத்தில் ஒரு சொல்லைத்தான் மாற்ற வேண்டியிருந்தது.

அன்று முதல் என் மேசைக்குக் கூட்டம் வர ஆரம்பித்தது. பிராம்ப்ட், அதாவது கருவிக்குச் சொல்லும் கட்டளை, எழுதுவது எப்படி என்று கேட்பார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. மழை பெய்தது என்று எழுதாதீர்கள், தண்ணீர் எந்த வரிசையில் எவ்வளவு நின்றது என்று எழுதுங்கள் என்பேன். தெரியாததைத் தெரியாது என்றே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் அது தானாக எதையாவது இட்டு நிரப்பிவிடும் என்பேன். யார் படிக்கப்போகிறார் என்பதைச் சொல்லாமல் எதையும் கேட்காதீர்கள் என்பேன். இவற்றோடு, எல்லாவற்றுக்கும் கீழே தனி வரியாக "வரக்கூடாதவை" என்று ஒன்றைப் போடுவேன். வரக்கூடாதவை: இழப்பீடு என்ற சொல், லாரி டிரைவரின் பெயர், பெரிய பெரிய அடைமொழிகள். அந்த ஒரு வரியால் பாதித் திருத்தம் மிச்சமாயிற்று. முப்பத்தாறு வருடம் பேனாவை மூடிவைத்துக் கேட்ட விஷயத்தை இப்போது எழுத்தில் போடுகிறேன் என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

வீட்டில் மனைவியிடமும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவள் மீன் கழுவிக்கொண்டே கேட்டாள்: "மிசினுக்கு இவ்ளோ விவரமா சொல்றீங்களே, எங்க போறேன், எப்ப வருவேன்னு என்கிட்ட ஒரு நாளாவது சொல்லிட்டுப் போயிருக்கீங்களா?"

அந்த வருட மழைக்காலத்தில், கார்த்திகை பிறந்த சமயம், யார்டில் ஒரு விபத்து நடந்தது. கண்டெய்னரைத் தூக்கி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகிற ராட்சத வண்டிக்கு ரீச் ஸ்டாக்கர் என்று பெயர். அது பின்னால் வரும்போது ஆட்களை விலக்கி, விசில் ஊதி வழிகாட்ட, தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்கு வெளியே ஒரு சிக்னல்மேன் நிற்பார். அந்த வண்டியின் பின்சக்கரம் சிக்னல்மேனின் இடது பாதத்தில் ஏறிவிட்டது. இரும்பு மூக்கு வைத்த ஷூ போட்டிருந்ததால் பாதம் தப்பியது. மூன்று விரல்கள் போயின.

அவர் நெட்டுக்குப்பத்துக்காரர். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஆற்றில் இறால் பிடித்துக்கொண்டிருந்தவர். இறால் குறைந்த பிறகு காண்ட்ராக்டர் மூலம் யார்டுக்கு வந்தவர். விசாரணை அறிக்கை எழுதும் பொறுப்பு என்னுடையது. ஆஸ்பத்திரி வார்டில் கட்டிலருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவர் சொன்னதை எழுதிக்கொண்டேன்.

"ஹாரன் செத்துப்போயி பத்து நாளு ஆவுது சார். வண்டி பின்னால வந்தா குய்ய்ங் குய்ய்ங்னு கத்தும் பாரு, அது. சூப்பர்வைசராண்ட ரெண்டு தபா சொன்னேன். பாக்கலாம் போன்னான். மஞ்சக் கோட்டாண்ட முட்டி வரைக்கும் தண்ணி. அதான் கோட்டுக்கு உள்ள வந்து நின்னேன். அது என் தப்பு, நான் இல்லேன்னு சொல்லல. ஆனா ஹாரன் இருந்திருந்தா தாவிருப்பேன் சார். வண்டி வர்றதே தெர்ல."

பிறகு என் நோட்டை எட்டிப் பார்த்தார். "எல்லாத்தையும் எழுதிக்கினியா சார்?"

"எழுதிட்டேன்பா."

அது உண்மைதான். ஒரு சொல் விடாமல் எழுதியிருந்தேன்.

மறுநாள் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். கையில் கார் சாவியோடு நின்றுகொண்டேதான் பேசினார். "சார், அடுத்த வாரம் வெளியிலிருந்து பாதுகாப்புத் தணிக்கைக்கு ஆள் வர்றாங்க. ஹாரனை நான் ரெண்டு நாள்ல மாத்திடச் சொல்றேன். எப்படியும் சரியாகப்போற விஷயம். ரிப்போர்ட்ல வர வேண்டாம்." அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை, என் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசவில்லை. நான் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. கதவருகே நின்று கேட்டுப் பழகிய காது அது. தலையை ஆட்டிவிட்டு என் இடத்துக்கு வந்தேன்.

பிராம்ப்டை மிக நன்றாக எழுதினேன். நாள், நேரம், மழை, தண்ணீரின் உயரம், மஞ்சள் கோடு, வண்டி வந்த திசை, யார் எங்கே நின்றார்கள் என்று எல்லாவற்றையும் வரிசையாகக் கொடுத்தேன். அவருடைய வாக்குமூலத்தையும் முழுதாகக் கொடுத்தேன். அதைக் கொடுக்காமல் இருந்தால் அறிக்கை உயிரில்லாமல் வரும் என்பது என் அனுபவம். முடிவு: சிக்னல்மேன் பாதுகாப்புக் கோட்டுக்கு உள்ளே நின்றதே காரணம். கடைசி வரி: வரக்கூடாதவை: ரிவர்ஸ் ஹாரன் பற்றிய எதுவும்.

அரை நிமிடத்தில் அறிக்கை வந்தது. சுத்தமான அறிக்கை. அதற்குக் கீழே ஒரு கோடு போட்டு, கருவி ஒரு குறிப்பையும் எழுதியிருந்தது. காயம்பட்டவரின் வாக்குமூலத்தில் ரிவர்ஸ் ஹாரன் வேலை செய்யவில்லை என்றும், அதை இரண்டு முறை மேற்பார்வையாளரிடம் தெரிவித்ததாகவும் இருக்கிறது. நீங்கள் கேட்டபடி அதை விட்டிருக்கிறேன். ஆனால் விபத்துக்கான காரணத்தை முடிவு செய்வதில் அது முக்கியமாக இருக்கலாம். அது இல்லாமல் இந்த முடிவு முழுமையாக இராது. சேர்க்கட்டுமா?

முப்பத்தாறு வருடத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. நானும் யாரிடமும் கேட்டதில்லை. பதினொரு மணி டீ வந்தது. எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, "வேண்டாம்" என்று அடித்தேன்.

அறிக்கையில் பொய்யான வாக்கியம் ஒன்றுகூட இல்லை. இன்று எடுத்துப் பார்த்தாலும் ஒவ்வொரு வரியும் உண்மை. தணிக்கைக்கு வந்தவர்கள் படித்துவிட்டு, தெளிவாக இருக்கிறது என்று பாராட்டினார்கள். அதே அறிக்கையின் நகல் காண்ட்ராக்டருக்கும் போயிற்று. பாதுகாப்பு விதியை மீறியவர் என்று சிக்னல்மேனின் கேட் பாஸை ரத்து செய்தார்கள். இந்தப் பக்கம் எந்த யார்டுக்குள் நுழைய வேண்டுமானாலும் கேட் பாஸ் வேண்டும். ஓர் இடத்தில் ரத்தானவரை இன்னோர் இடத்தில் சேர்க்க மாட்டார்கள். கால் ஆறி அவர் நடக்க ஆரம்பித்தபோது, போவதற்கு இடமில்லாமல் போயிருந்தது.

இது எனக்குத் தெரியும். ஆவணப் பிரிவுப் பெண்மணிதான் ஒருநாள் சொன்னார், "நெட்டுக்குப்பம் அண்ணன் கேட்டாண்ட வந்து நின்னுகினு கீது சார், பாவம், உள்ள வுட மாட்றானுங்க" என்று. நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. தவக்காலத்தில் மாதா கோயிலுக்குப் போய்ப் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். "வேலையில் உண்மைக்கு மாறாக நடந்திருக்கிறேன் சாமி" என்றேன். வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். வெளியே வந்து படியில் செருப்பைப் போடும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. பொதுவாகச் சொல்லாதீர்கள், என்ன நடந்தது என்று சொல்லுங்கள் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் பாடம் நடத்துகிறவன், உள்ளே மண்டியிட்டு அந்த நான்கு வார்த்தையைச் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

இதற்குள் என் பிராம்ப்ட் முறை அலுவலகத்தின் பொது முறையாகியிருந்தது. யாருக்கு எந்த அறிக்கை வேண்டுமானாலும் என் பழைய பிராம்ப்ட் ஒன்றை எடுத்து, மேலே விஷயத்தை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். அதுவும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனி மாதம், நல்ல வெயில். நசுங்கிய கண்டெய்னர் ஒன்றைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கடிதம் எழுதலாம் என்று யார்டுக்குள் போனேன். தலையில் ஹெல்மெட், கையில் நோட்டு. நசுங்கல் எத்தனை அடி என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கிருந்தோ ஒரு லாரி டிரைவர் கத்தினார்.

"யோவ் பெர்சு! நவுரு! நவுருய்யா!"

திரும்பினேன். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு டயர். என்னைவிட உயரமான டயர். அது உருண்டு வந்துகொண்டிருந்தது. சுற்றிலும் லாரி என்ஜின்கள், தூரத்தில் வெல்டிங், கடல்காற்று. அந்த வண்டியிலிருந்து மட்டும் எந்த எச்சரிக்கையும் இல்லை. எப்படி நகர்ந்தேன் என்று தெரியவில்லை. நோட்டு கீழே கிடந்தது. வண்டி நின்றது. ஓட்டுபவர் கேபினிலிருந்து தலையை நீட்டினார்.

"சார், நீயா? இன்னா சார், நடுவுல வந்து குந்திகினு கீற?"

"ஹாரன் ஏம்ப்பா அடிக்கல?"

"ஹாரனா? அது போன மழையிலயே அவுட்டு சார்."

"இன்னும் மாத்தலையா?"

"மெக்கானிக்கு மாசா மாசம் எழுதிக் குடுக்கிறான். மேல போற ரிப்போர்ட்டுல ஹாரன் பேச்சே இல்லியாம். ரிப்போர்ட்டுல இல்லாதத எவன் சார் மாத்துவான்? அந்த நெட்டுக்குப்பத்தாரு கத்தி கத்திச் சொன்னாரு, அவரே போயிட்டாரு." சொல்லிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தண்ணி குடிக்கிறியா? நோட்ட எடுத்துக்கோ சார்."

அலுவலகத்துக்கு வந்து, ஒவ்வொரு மாதமும் தலைமை அலுவலகத்துக்குப் போகும் இயந்திர நிலை அறிக்கையைத் திறந்தேன். ஆறு மாத அறிக்கைகள். டயர் இருந்தது, பிரேக் இருந்தது, எண்ணெய்க் கசிவு இருந்தது. ஹாரன் எதிலும் இல்லை. அதைத் தயாரிப்பவர் எதிர் நாற்காலிப் பெண்மணி. எப்படித் தயாரிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"மெக்கானிக்கு எழுதிக் குடுத்தத அப்படியே போடுவேன் சார். மேல உங்க ஃபார்மெட்டு. இதோ பாருங்க." திரையைத் திருப்பிக் காட்டினார். மேலே மெக்கானிக்கின் குறிப்புகள். அதில் ரிவர்ஸ் ஹாரன் இல்லை, மாற்ற வேண்டும் என்று இருந்தது. கீழே, என் விபத்து அறிக்கை பிராம்ப்டிலிருந்து எடுத்த விதிகள். எல்லாவற்றுக்கும் கடைசியில் என் வரி. வரக்கூடாதவை: ரிவர்ஸ் ஹாரன் பற்றிய எதுவும்.

"அறிக்கைக்குக் கீழே கருவி ஏதாவது குறிப்பு எழுதலையாம்மா?"

"ஏதோ எழுதும் சார். நான் டேபிள மட்டும் காபி பண்ணிக்குவேன்." அவரும் அந்தக் கடைசி வரியை அப்போதுதான் படித்தார். முகம் மாறியது. "ஐயோ. இது நெட்டுக்குப்பம் அண்ணன் மேட்டரா சார்? ஆறு மாசமா நான் இத்தத்தான் அனுப்பிகினு கீறேனா? எனக்குத் தெர்ஞ்சி பண்ணல சார்."

"உங்களுக்குத் தெரியாது. நான் தெரிஞ்சு பண்ணேன்."

என் பக்கம் இருந்த பிரிண்டரில் காகிதம் தீர்ந்திருந்தது. அவர் எழுந்து போய் ஒரு கட்டு எடுத்து வந்து வைத்தார். நான் அந்த மழைக்காலத்து உரையாடலைப் பட்டியலில் தேடி எடுத்தேன். என் பிராம்ப்ட், அதன் அறிக்கை, அதன் கேள்வி, என் "வேண்டாம்". நான்கு பக்கம். அச்சிட்டேன். பழைய அலுவலகமாக இருந்திருந்தால் இப்படி ஒரு காகிதம் இருந்திருக்காது. கதவருகே சொன்னது காற்றோடு போயிருக்கும்.

அடுத்த நாள் காலை மேலாளரிடம் போகவில்லை. முதலில் நெட்டுக்குப்பத்துக்குப் போனேன். எண்ணூரில் பஸ்ஸிலிருந்து இறங்கி ஷேர் ஆட்டோ. வீட்டு வாசலில் அவரும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து, அலுமினியச் சட்டியில் யாருக்கோ இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். இடது காலை நீட்டி வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழ முயன்றார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

"வா சார். இன்னா, இந்தப் பக்கம்?"

"யாருய்யா இது?" என்று மனைவி கேட்டார்.

"ரிப்போர்ட்டு எழுதுன சாரு."

அந்த அம்மா இறாலை உரிப்பதை நிறுத்தவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. நான் நின்றுகொண்டே நான்கு பக்கத்தையும் கொடுத்தேன். சிக்னல்மேன் கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாகப் படித்தார். ஆங்கிலத்தில் இருந்த அறிக்கையைத் தள்ளிவிட்டு, தமிழில் இருந்த கேள்விக்கு வந்ததும் நிறுத்தினார்.

"இது யாரு சார் கேக்கறது? சேக்கட்டுமான்னு?"

"அந்த ஏஐ. கம்ப்யூட்டர்."

"மிசினா?"

"ஆமாம்."

"மிசினு சேக்கட்டுமான்னு கேக்குது. கீழ வேண்டாம்னு சொல்லிகீறது நீயி."

"ஆமாம். நான்தான்."

அவர் சிரித்துவிட்டார். "த்தோ பார்றி. மிசினுக்குத் தெர்ஞ்சிகீது, ஹாரன் மேட்டரு முக்கியம்னு."

"மிசினுக்கு இன்னா," என்றார் அந்த அம்மா, தலை நிமிராமல். "அதுக்கு ஏசி ரூம்ல சீட்டு போயிடும்னு பயமா?"

 

சிக்னல்மேன் காகிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். சிரிப்பு போய்விட்டது. "ஏன் சார் அப்பிடிப் பண்ண? நான் உன்னாண்ட எல்லாத்தையும் சொன்னேனே. எழுதிக்கினியான்னு கேட்டேனே."

"பழக்கம்பா. வேற ஒண்ணும் இல்ல. மேல இருக்கிறவங்க வேண்டாம்னா விட்டுடுவேன். அப்படியே இருந்துட்டேன்."

"உன் பழக்கத்துக்கு என் பாஸா சார்?" அவர் குரலை உயர்த்தவில்லை. "ரெண்டு யார்டு போனேன். பேரு போட்டதும் திரும்பிப் போன்னு சொல்றான். இவ ஊருக்கெல்லாம் இறாலு உரிச்சிகினு கீறா. நானும் கூடக் குந்திகினு கீறேன். உள்ள வுட்டான்னா நொண்டிக்கினே வேலை செய்வேன் சார்."

"மன்னிச்சுக்கோப்பா."

"அத்த வச்சிகினு நான் இன்னா பண்ணட்டும்? பாஸ வாங்கிக் குடு. அது போதும்."

யார்டுக்குத் திரும்பி ஒரு புதிய பிராம்ப்ட் எழுதினேன். என் வாழ்க்கையில் அதைவிட நீளமாக எதையும் யாரிடமும் சொன்னதில்லை. நான் யார், படிக்கப்போகிறவர் தலைமை அலுவலகத்தின் பாதுகாப்புப் பிரிவுத் தலைவர், முதல் அறிக்கையை எழுதியது நான், அதில் எதை விட்டேன், யார் சொல்லி விட்டேன், கருவி கேட்டபோது என்ன பதில் சொன்னேன், என் வரி எப்படி ஆறு மாத அறிக்கைகளுக்குள் போயிற்று, நேற்று டயர் எவ்வளவு பக்கத்தில் வந்தது. வரக்கூடாதவை என்று எதையும் போடவில்லை. அந்த இடத்தில், நான் எதையாவது விட்டிருந்தால் கேள் என்று போட்டேன்.

அது கேட்டது. மேலாளர் சொன்னதற்கு வேறு சாட்சி உண்டா, இல்லையென்றால் உங்கள் கூற்றுப்படி என்று எழுதலாமா என்று கேட்டது. சரி என்றேன். அவருக்குத் தெரிவிக்காமல் அனுப்பப்போகிறீர்களா என்று கேட்டது. நியாயமான கேள்வி. சூப்பர்வைசரிடம் பேசினீர்களா என்று கேட்டது. பேசியிருக்கவில்லை. எழுந்து போய்ப் பேசினேன். "சொன்னாப்ல சார், ரெண்டு வாட்டி சொன்னாப்ல. நான்தான் வுட்டுட்டேன்" என்று அவர் சுவரைப் பார்த்தபடி ஒத்துக்கொண்டார். அதையும் சேர்த்தேன். வந்த வரைவில், ஹாரன் பற்றிய விவரம் முதல் அறிக்கையில் இடம்பெறாமல் போனது என்று ஒரு வரி இருந்தது. அதை அடித்துவிட்டு, நான் விட்டுவிட்டேன் என்று என் கையால் மாற்றினேன்.

அனுப்பும் முன் மேலாளரிடம் ஒரு பிரதியைக் கொடுத்தேன். முழுவதும் படித்தார். நான்கு பக்க அச்சுப் பிரதியை இரண்டு தடவை படித்தார்.

"சார், நான் வாயால சொன்னது. இதை ஏன் சார் டைப் பண்ணீங்க?"

"சொல்லாம அதுக்கு எப்படித் தெரியும்?"

"சொன்னா புரிஞ்சுக்கிட்டு செய்வீங்கன்னுதானே உங்களை வெச்சிருக்கோம்." அவர் கோபப்படவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஹாரனை மாத்தச் சொல்லணும்னுதான் இருந்தேன் சார். மறந்துபோச்சு. மாசாந்திர ரிப்போர்ட்ல வந்திருந்தா ஞாபகம் வந்திருக்கும்."

அனுப்பிவிட்டு என் இடத்துக்கு வந்தேன்.

ஹாரனை அந்த வாரமே மாற்றினார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து நாள் முழுவதும் உட்கார்ந்து விசாரித்தார்கள். என்னிடம் கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்றேன். மேலாளரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். ஆடி மாதம் சிக்னல்மேனின் பாஸ் ரத்தை நீக்கினார்கள். பழைய இடத்தில் ஓடியாடி நிற்க முடியாது என்பதால், லாரிகளை எடை போடும் மேடையில் வேலை. என் ஒப்பந்தம் ஆவணியோடு முடிந்தது. புதுப்பிக்கவில்லை. எழுத்தில் காரணம் எதுவும் இல்லை, நானும் கேட்கவில்லை.

கடைசி நாள், என் பாஸைத் திருப்பிக் கொடுக்க கேட்டுக்குப் போனேன். காவலர் அதை வாங்கி, பதிவேட்டில் என் பெயருக்கு நேரே கோடு போட்டார். எதிரே எடை மேடையில் ஒரு லாரி ஏறி நின்றிருந்தது. உள்ளே யார்டில் ரீச் ஸ்டாக்கர் பின்னால் வரும் சத்தம் கேட்டது. குய்ய்ங், குய்ய்ங். ஆஸ்பத்திரியில் சிக்னல்மேன் வாயால் செய்துகாட்டிய அதே சத்தம்.

"நெட்டுக்குப்பத்துக்காரர் எங்கேப்பா? டூட்டி இல்லையா?"

"கீறாரு சார். கேண்டீன்ல துன்னுகினு கீறாரு. இப்பதான் போனாரு. கூப்புடட்டா?"

காவலர் அதற்குள் ஓரடி எடுத்து வைத்துவிட்டார்.

"வேண்டாம்," என்றேன். "சாப்பிடட்டும்."